விண்டோஸிலிருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு மாறுவது: டேட்டா போகாமல், திரும்பும் வழி அடைபடாமல்

கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து நிற்கிறது, நீலத்திரை காட்டித் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், விண்டோஸைக் குறை சொல்லும் முன் வன்பொருளைச் சோதியுங்கள். ராம் கெட்டிருந்தால், விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸும் அதே மாதிரிதான் உறையும். அதன் ஒரு வகைதான் மின்ட்.

டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், கெட்ட பகுதிகளை எண்ணும் 05, சி5, சி6 வரிசைகளைப் பாருங்கள். அந்த வரிசைகளின் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் அல்லாத எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். புது கேபிள் போட்டால் சரியாகிவிடும். அடுத்து ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென் டிரைவிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விடக்கூடாது. ராம் குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் வரும் 41ஆம் எண்ணைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

இவையெல்லாம் சுத்தமாக இருந்தும் தொல்லை தீரவில்லையா? அப்போது மாறலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட லேப்டாப்புக்கு மின்ட் 22 நன்றாகப் பொருந்தும். 2029 வரை அப்டேட் வரும். 4 ஜிபி ராம் மட்டும் இருந்தால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையும், 8 ஜிபி இருந்தால் சின்னமன் பதிப்பையும் எடுங்கள்.

ஒரே டிஸ்கைப் பிரித்து விண்டோஸ், மின்ட் இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பார்ட்டிஷனைப் பிரிக்கும்போது ஒரு தவறான கிளிக் போதும், எல்லாம் போய்விடும். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய டிஸ்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, புதியதில் மின்ட்டைப் போடுங்கள். பிடிக்கவில்லையென்றால் பழையதை மாட்டினால் விண்டோஸ் அப்படியே இருக்கும். டிஸ்க் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட லேப்டாப் என்றால் கழற்ற வழியில்லை. வெளி ஹார்டு டிஸ்கில் முழு பேக்கப் எடுத்தே ஆக வேண்டும்.

கழற்றும் முன் விண்டோஸில் மூன்று வேலைகள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் மூடும், பிறகு லினக்ஸில் அந்த டிஸ்கைப் படிக்க முடிந்தாலும் எழுத முடியாது. பிரவுசர் பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

மின்ட்டை இன்ஸ்டால் செய்ய இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை ரைட் கிளிக் செய்து, 7-ஜிப் மென்பொருள் மூலம் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணை எடுத்து, மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அரைகுறையாக இறங்கிய கோப்பு இன்ஸ்டால் பாதியில் நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம். பிறகு ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9.

பூட் ஆனதும் உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். வைஃபை, சவுண்டு, கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் லைவ் நிலையிலேயே, அதாவது டிஸ்கில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும்போது, பாருங்கள். லேப்டாப்பை மூடித் திறந்து, திரை திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள். இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லையென்றால், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் சாட்டா முறை (டிஸ்கை அணுகும் முறை) ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கலாம். ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள், பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டும் நாளில் பழைய நிலைக்கே வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாது.

இன்ஸ்டால் முடிந்ததும் அப்டேட் மேனேஜர், டிரைவர் மேனேஜர், அதன் பிறகு சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்ட் என்ற வரிசையில் ஓடவிடுங்கள். டைம்ஷிஃப்டில் தினம் ஒரு ஸ்னாப்ஷாட் (அன்றைய நிலையின் பதிவு) வீதம் ஐந்து வைத்தால் போதும். அது சிஸ்டத்தை மட்டுமே காக்கும். உங்கள் படங்கள், ஆவணங்களை அது தொடாது, அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

தமிழ் தட்டச்சுக்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் நிறுவி, லாக் அவுட் செய்து வந்தால் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர், இலங்கையின் ரெங்கநாதன் முறை எல்லாம் கிடைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் லிப்ரே ஆஃபிஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தால் பதறாதீர்கள். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து வந்து நிறுவினால் தமிழ் வந்துவிடும்.

கணக்கு மென்பொருளான டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவர்கள், அந்த மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று எஸ்எஸ்டி வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.