உடம்பைப் பார்த்து வாங்கலாம், சினையை எப்படிப் பார்ப்பது?

செவ்வாய்க்கிழமை காலையில் வேலூர் பக்கத்தில் உள்ள பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனால், துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள் முக்கியமாகப் பார்ப்பது மூன்றைத்தான்: பல், சுழி, உடம்பு. உடம்பைப் பார்ப்பதில் தப்பில்லை. ஒரு வயதுக் கன்றுகளுக்குள் தெரியும் எடை வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பரம்பரையால் வருவது. சினை பிடிக்கும் குணம் அப்படி இல்லை. அதில் பரம்பரையின் பங்கு பெரும்பாலும் 100க்கு 10ஐத் தாண்டாது. மீதியெல்லாம் தீவனம், தாது உப்பு, வெயில், சினை ஊசி (காளையின் விந்தைச் செலுத்துவது) போட்ட நேரம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு.

மூன்று ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்றால் “சாதி சரியில்லை” என்று விற்றுவிடுகிறோம். கத்திரி வெயிலில் கூரை இல்லாமல் கட்டிய மாடு அது. காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு அன்று மாலை ஊசி போட வேண்டும். மறுநாள் மாலை போட்டுவிட்டுக் காளையைக் குறை சொன்னால் எப்படி?

அடுத்தது, கன்று பெரிதாகப் பிறக்கட்டும் என்கிற ஆசை. வேகமாக வளரும் காளையின் கன்று, பிறக்கும்போதே கனமாக இருக்கும். இரண்டு குணமும் சேர்ந்தே வரும். எங்கள் ஜெர்சி கலப்புக் கிடாரிக்கு முதல் ஈத்திலேயே பெரிய உடம்புக் காளையின் ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டேன். கயிறு கட்டி இரண்டு பேர் இழுத்தோம். கன்று செத்துத்தான் வந்தது. தாய் மறுபடி சினை பிடிக்கவே பல மாதம் ஆனது. முதல் ஈத்துக்குச் சிறிய கன்று தரும் காளை போதும்.

நாட்டு மாட்டுக்கும் சீமை மாட்டுக்கும் பிறந்த முதல் தலைமுறை நன்றாக வளரும், சீக்கிரம் சினையும் பிடிக்கும். சரி, அதிலேயே ஒரு காளைக்கன்றைப் பொலிகாளையாக விடலாம் என்று தோன்றும். அந்த வகைக் காளையையும் பசுவையும் சேர்த்தால், கலப்பால் வந்த வீரியத்தில் பாதி அடுத்த தலைமுறையில் போய்விடும். முதலில் அடிபடுவது சினைதான். பொலிகாளையே வாங்குவதானால் விதைப்பையின் சுற்றளவைப் பாருங்கள். அது பரம்பரையாக நன்றாகவே இறங்கும். அந்தச் சுற்றளவு பெரிதாக உள்ள காளையின் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்கு வருகிறார்கள்.

விந்து அடைத்து வரும் ஊசிக் குச்சியில் காளையின் எண் அச்சாகியிருக்கும். தூக்கி எறியாமல் காலண்டரில் எழுதுங்கள். இல்லையென்றால் அப்பன் காளையே மகளுக்கும் வந்து சேரும்.

அப்புறம், இந்த இரட்டைக் கன்று விஷயம். போன வருடம் சந்தையில் கொழுகொழுவென்று ஒரு கிடாரி, விலையும் குறைவு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓட்டிவந்தார். இரண்டு வயதாகியும் பருவத்துக்கே வரவில்லை. விசாரித்தால், காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததாம். வயிற்றில் இரண்டின் ரத்தமும் கலந்து, காளைக்கன்றின் ஹார்மோன் கிடாரியின் கருப்பையை வளரவிடாது. அப்படிப் பிறக்கும் கிடாரிகளில் 100க்கு 90க்கு மேல் மலடுதான். சதை மட்டும் நன்றாகப் போடும், அதுதான் ஏமாற்றுகிறது. வாங்கும்போது “கூடப் பிறந்தது உண்டா?” என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துவிடலாம்.