மிச்சம் வந்த வெளிநாட்டு நோட்டை ரூபாயாக்குவது எப்படி? (மலையில் இருப்பவர்களுக்கு)

சிங்கப்பூர், மலேசியா என்று போய்வந்தால் பர்சில் கொஞ்சம் நோட்டு மிஞ்சத்தான் செய்யும். கோத்தகிரியில் இருந்துகொண்டு அதை ரூபாயாக்குவது தனி வித்தை. 80 சிங்கப்பூர் டாலரையும் சில மலேசிய ரிங்கிட் நோட்டுகளையும் வைத்துக்கொண்டு அலைந்து, ஒருவழியாக மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட், பான் கார்டு, இரண்டுக்கும் நகல் எல்லாம் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தரம் பிரியுங்கள்

சில்லறைக் காசுகளை முதலில் ஒதுக்குங்கள். அவற்றை இங்கே யாரும் வாங்க மாட்டார்கள். வெளிநாட்டுக் காசுகளை எவ்வளவு வேண்டுமானாலும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், சட்டத்தில் வரம்பு இல்லை. பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். கிழிந்தது, பேனாவால் கிறுக்கியது, முத்திரை குத்தியது எல்லாம் தனியே போகட்டும். நல்ல நோட்டை மடிக்காமல் கவரில் வையுங்கள்.

படி 2: பதற்றம் வேண்டாம்

"உடனே மாத்தலைன்னா கேஸ் ஆயிடும்" என்று பயமுறுத்துவார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாகவே கையில் வைத்திருக்கலாம், காலக்கெடு கிடையாது. அதற்கு மேல் இருப்பதைத்தான் ஊர் திரும்பிய 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். நம் கையில் இருப்பது அந்தப் பக்கமே போகாது. அடுத்து கோவைக்குப் போகிற வேலை வரும்வரை பீரோவில் கிடக்கட்டும்.

படி 3: கிளம்பும் முன் போன்

என் ஒரு பகல் போனது இங்கேதான். பெயர் சொல்ல விரும்பாத ஒரு வங்கிக் கிளைக்குப் போன் செய்து, "ஃபாரெக்ஸ் பார்ப்பீங்களா சார்?" என்றேன். "பார்ப்போம், வாங்க" என்றார்கள். பஸ் பிடித்துப் போய், டோக்கன் வாங்கி உட்கார்ந்து, என் முறை வந்ததும் கவரை நீட்டினால், "நோட்டா? அது இங்க வாங்கறதில்லையே. கோயம்புத்தூர் மெயின் பிராஞ்ச் போங்க."

அவர்கள் பொய் சொல்லவில்லை. வங்கிக் கவுன்ட்டரில் ஃபாரெக்ஸ் என்றால் வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு வரும் பணம், படிக்கப்போன பிள்ளைக்கு அனுப்பும் ஃபீஸ், பயணக் கார்டு. நோட்டைக் கையில் வாங்குவது வேறு வேலை. எல்லாக் கிளைக்கும் அந்த அனுமதி இருக்காது. அனுமதி இருந்தாலும் வாங்கிய நோட்டைச் சரிபார்த்து, பத்திரப்படுத்தி, பெரிய கிளைக்கு அனுப்ப வேண்டும். ஒருவருடைய 80 டாலருக்காக அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

ஆகவே போனில் இப்படிக் கேளுங்கள்: "சிங்கப்பூர் டாலர் நோட்டு என் கையில் இருக்கு. அதை வாங்கிக்கிட்டு ரூபாய் தருவீங்களா?" நாட்டின் பெயரைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அமெரிக்க டாலர் வாங்கும் இடத்தில் ரிங்கிட்டைத் திருப்பித் தருவார்கள். அப்புறம், அந்தக் கிளையிலேயே கணக்கு இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். கடைசியாக, அந்த வேலையைப் பார்க்கும் அதிகாரி இன்று வந்திருக்கிறாரா? இது வேடிக்கைக் கேள்வி இல்லை. சின்னக் கிளைகளில் அதற்கென்று ஒரே ஆள்தான், அவர் லீவு என்றால் அன்றைக்கு ஃபாரெக்ஸுக்கும் லீவு.

சனிக்கிழமை போகாதீர்கள். அன்று அந்நியச் செலாவணிச் சந்தை கிடையாது. "ரேட் வரலை" என்று திங்கள்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள்.

படி 4: எந்த ரேட்?

கூகுளில் தெரிவது உங்களுக்குக் கிடைக்கும் ரேட் இல்லை. ஸ்டேட் பேங்க் தினமும் ஒரு ரேட் பட்டியல் வெளியிடுகிறது. அதில் 'டிடி பை' (TT Buy) என்ற கட்டம் கணக்குக்கு வரும் பணத்துக்கு. நோட்டுக்கு 'சிஎன் பை' (CN Buy) என்று தனிக் கட்டம் உண்டு, அதில் ரேட் குறைவாகவே இருக்கும். அங்கே பூஜ்யம் இருந்தால் அந்த நாட்டு நோட்டை வாங்குவதில்லை என்று அர்த்தம். எந்த வங்கிக்குப் போனாலும் நோட்டு ரேட்டைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்து ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்தில் தொகையின் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து, அதன்மேல் 18 சதவீத வரி போடுவார்கள். ஆனால் அந்த மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அதாவது 25,000 ரூபாய் வரை எவ்வளவு மாற்றினாலும் வரி 45 ரூபாய்தான். ஐந்து டாலர் நோட்டு ஒன்றை மட்டும் கொண்டுபோனாலும் அதே 45. வீட்டில் இருக்கிற எல்லார் நோட்டையும் சேர்த்து ஒரே தடவையில் மாற்றுங்கள். சில இடங்களில் தனிச் சேவைக் கட்டணமும் உண்டு, முன்கூட்டியே கேளுங்கள்.

படி 5: கவுன்ட்டரில்

படிவம், கையெழுத்து, முடிந்தது. 1,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை ரூபாயை ரொக்கமாகவே தரலாம். ரசீதை மறக்காமல் வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் சிறு தொகைக்கு வங்கியே வேண்டாம். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணமாற்றுக் கடைதான் சரி. அவர்களுக்கு அதுவே பிழைப்பு, ரிங்கிட்டைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. கோவையில் அப்படி ஒரு கடையில்தான் என் வேலை முடிந்தது. கொஞ்சம் பேரம் பேசினால் ரேட்டும் ஏறுகிறது. கோத்தகிரியிலிருந்து நேரே மேட்டுப்பாளையம் இறங்கிவிடலாம், ஊட்டி சுற்ற வேண்டியதில்லை. உரிமத்தின் நகல் கடையில் தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். சுற்றுலாக் கடைக்காரர் "நானே எடுத்துக்கறேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள், உரிமம் இல்லாதவரிடம் விற்பது சட்டப்படி தவறு.

பிற்சேர்க்கை: கூடலூர் நண்பர் ஒருவர் திர்ஹாமுக்குக் கோவை வரை வர வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். நாடுகாணி இறங்கி நிலம்பூர் பக்கம் போங்கள். தூரம் பாதிகூட இல்லை, வளைகுடாப் பணம் புழங்கும் ஊர் வேறு.

இன்னொன்று: குன்னூர் பக்கத்து வெலிங்டனிலிருந்து ஒருவர், பெட்டியில் கிடந்த 20 பவுண்டு காகித நோட்டுகளை வங்கி திருப்பிக் கொடுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30 உடன் செல்லாதவை ஆகிவிட்டன, இங்கே யாரும் தொட மாட்டார்கள். ஆனால் பேங்க் ஆஃப் இங்கிலாந்து இன்றும் மாற்றித் தருகிறது, அதற்குக் கெடு இல்லை. தபாலிலும் விண்ணப்பிக்கலாம். படிவமும் கேட்கும் ஆவணங்களும் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன.