கண் பார்வையால் ஐபோனை இயக்குவது எப்படி?

திரையைத் தொடாமல் பார்வையால் மட்டுமே ஐபோனை இயக்கும் வசதி, 2024-இல் வெளியான ஐஓஎஸ் 18 பதிப்பில் அறிமுகமானது. கைகளை எளிதில் அசைக்க இயலாதவர்களுக்காக உருவாக்கப்பட்ட இதை, ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் வைத்திருக்கும் எவரும் முயன்று பார்க்கலாம். தனிக் கருவி எதுவும் தேவையில்லை. முன்பக்கக் கேமராவே போதும்.

முதலில், போனைக் கையில் பிடித்துக்கொள்ளாமல், அசையாத ஒரு ஸ்டாண்டில் முகத்திலிருந்து சுமார் ஒன்றரை அடி தள்ளி நிறுத்துங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தின் மீது விழ வேண்டும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருண்டு, கேமராவுக்குக் கண்கள் சரியாகத் தெரியாது. கேமராவைத் துடைத்துவிடுவதும் நல்லது.

அடுத்து, செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குச் சென்று ‘ஐ டிராக்கிங்’ வசதியை இயக்குங்கள். திரையில் ஒரு புள்ளி தோன்றி இடம் மாறிக்கொண்டே இருக்கும். தலையை அசைக்காமல் கண்களால் அதைப் பின்தொடருங்கள். இந்த அளவீடு முடிந்ததும், நீங்கள் பார்க்கும் பொத்தானைச் சுற்றி ஒரு கட்டம் தெரியும். பார்வையைச் சற்று நேரம் அங்கேயே நிறுத்தினால், விரலால் தட்டியதாகப் போன் எடுத்துக்கொள்ளும்.

தொடக்கநிலையாளர்கள் தடுமாறுவது இங்கேதான். கண் பார்ப்பதற்கான உறுப்பு. அதையே கட்டளையிடவும் பயன்படுத்தும்போது, வெறுமனே பார்ப்பதையும் வேண்டுமென்று பார்ப்பதையும் கணினியால் பிரித்தறிய முடிவதில்லை. வந்த செய்தியைப் படித்துக்கொண்டிருக்கையில் அதிலுள்ள இணைப்பின் மீது பார்வை ஒரு கணம் தங்கினால், நீங்கள் கேட்காமலேயே அது திறந்துகொள்ளும். தொட்டதெல்லாம் பொன்னான கிரேக்க அரசன் மைடாஸின் பெயரால் அழைக்கப்படும் இச்சிக்கலை, ராபர்ட் ஜேக்கப் என்ற ஆய்வாளர் 1990-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். இன்றும் அது முழுமையாகத் தீர்ந்தபாடில்லை.

ஆகவே அக்சஸிபிலிட்டியில், திரையைத் தொடுவதற்கு மாற்று வழிகள் தரும் அசிஸ்டிவ்டச் பகுதியிலுள்ள ‘டுவெல் கன்ட்ரோல்’ அமைப்பில், பார்வை எத்தனை விநாடி நிலைத்தால் தட்டலாகக் கொள்ள வேண்டும் என்பதைத் தொடக்கத்தில் சற்று அதிகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பொறுமையைச் சோதிக்கும்தான், ஆனாலும் தவறான தட்டல்களைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதைவிட அது மேல். பழகப் பழக நேரத்தைக் குறைக்கலாம்.

இன்னொரு தடை கண்ணின் இயல்பிலேயே இருக்கிறது. உற்றுப் பார்க்கும்போதும் கண் நுண்ணிதாக அதிர்ந்துகொண்டே இருக்கும். 45 செ.மீ. தொலைவில் பார்வை ஒரு பாகை விலகினால், திரையில் ஏறத்தாழ 8 மி.மீ. தள்ளிப்போய்விடும், நிமிர்த்தி வைத்த போனின் விசைப்பலகையில் ஓர் எழுத்தின் அகலமோ அதைவிடக் குறைவு. இதற்காகவே ஐ டிராக்கிங் பக்கத்தில் மூன்று துணை அமைப்புகள் உள்ளன: ‘ஸ்மூத்திங்’, பார்வை விழும் இடத்தைக் காட்டும் சுட்டியின் நடுக்கத்தைக் குறைக்கும், ‘ஸ்னாப் டு ஐட்டம்’ அருகிலுள்ள பொத்தானுக்குச் சுட்டியை இழுத்துச் செல்லும், தட்டச்சின்போது எழுத்துகளைப் பெரிதாக்க மற்றொன்று உதவும். ஸ்மூத்திங்கை மிகவும் கூட்டினால் சுட்டி பார்வைக்குப் பின்தங்கி ஊரும் என்பதால் நடுத்தர அளவே என் பரிந்துரை.

உட்காரும் நிலை மாறினால் துல்லியம் குறையும். அப்போது வசதியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கினால் புள்ளி அளவீடு புதிதாகத் தொடங்கும். அக்சஸிபிலிட்டி ஷார்ட்கட்டில் ஐ டிராக்கிங்கைச் சேர்த்துவிட்டால், பக்கவாட்டுப் பொத்தானை மும்முறை அழுத்தியே இதைச் செய்துகொள்ளலாம்.