காந்தத்தை வைத்து நிக்கல் துகள்களை நிமிர்த்தி, இழுபடும் மின்கடத்து ஃபிலிம் செய்வது எப்படி?

இந்த ஃபிலிமில் மின்சாரம் மேலிருந்து கீழே போகும், பக்கவாட்டில் போகாது. இழுபடும் சர்க்யூட்டில் ஒரு அடுக்கை இன்னொரு அடுக்கோடு இணைக்க இதுதான் வசதி.

தேவை: சில்கார்டு 184 சிலிக்கோன் (ஹார்டனர் கலந்தால் ரப்பராக இறுகும் திரவம்), நிக்கல் பவுடர், இரண்டு அகலமான நியோடிமியம் காந்தம், ஓஹெச்பி ஷீட் (கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாள்). நிக்கல் பவுடர் மூச்சில் போகக்கூடாது, மாஸ்க் கட்டாயம். செம்பு நன்றாகக் கடத்தும், ஆனால் காந்தத்துக்கு அசையாது. இரும்பு துருப்பிடிக்கும். அதனால் என் ஓட்டு நிக்கலுக்குத்தான்.

சிலிக்கோனையும் ஹார்டனரையும் எடையில் 10:1 கலந்து, அந்தக் கலவையில் 10 கிராமுக்கு 2.5 கிராம் நிக்கல் போடுங்கள். கன அளவில் இது 3 சதவீதம்கூட வராது. உருண்டைத் துகள்கள் தாறுமாறாகக் கிடந்தால் மின்சாரம் கடக்க ஏறக்குறைய 16 சதவீதம் வேண்டும், அவ்வளவு போட்டால் ரப்பர் விறைத்துப்போகும். வரிசையாக நிறுத்துவதன் லாபம் இதுதான்.

குமிழி போக்கியதும் இன்னொரு முறை மெதுவாகக் கிளறி உடனே ஷீட்டில் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நிக்கல் அடியில் தங்கிவிடும். கலவை 25 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் இறுகாமல் தாங்கும். மதுரைச் சித்திரை வெயிலில் அவ்வளவு நேரம் கிடைக்காது, விடியற்காலையில் செய்யுங்கள்.

அடுத்தது காந்தம். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். ஒரே காந்தத்தை அடியில் வைத்தால் துகள்கள் எல்லாம் அதன் பக்கமே இழுபட்டுவிடும். மேலே ஒன்று, கீழே ஒன்று, எதிரெதிர் துருவம் பார்த்திருக்க, ஃபிலிம் சரியாக நடுவில் இருக்கவேண்டும். அப்போதுதான் இரண்டு பக்க இழுப்பும் சமமாகி, துகள்கள் நாற்று நட்டதுபோல் நேராக நிற்கும். காந்தம் ஃபிலிமைவிட அகலமாக இருக்கட்டும், ஓரத்தில் காந்தக் கோடுகள் வெளியே வளையும். இடைவெளிக்கு மரக்கட்டை போதும். விரல் பத்திரம்!

இறுகும்வரை காந்தத்தை எடுக்கவே கூடாது. 60 டிகிரியில் நான்கு மணி நேரம் வையுங்கள். 80 தாண்டினால் சாதாரண நியோடிமியம் வலுவிழக்கும்.

மல்டிமீட்டர் டவுன்ஹால் ரோட்டில் கிடைப்பதே போதும். இரண்டு பக்கமும் செம்புத் தகடு வைத்து லேசாக அழுத்தி அளந்து பாருங்கள். மேலே படிந்த மெல்லிய ரப்பர் தோல் அழுத்தாமல் மின்சாரத்தை விடாது.

பின்சேர்க்கை: இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது என்று திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். லேடெக்ஸ் கையுறை போட்டிருக்கிறார். அதிலுள்ள கந்தகம் சிலிக்கோனை இறுகவைக்கும் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கிவிடும். நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள், அதுவும் ஃபிலிமில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.