கல்லூரி இசைக்குழுவில் சேருகிறீர்களா? எங்கே சொதப்பும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

மேடையில் நான் செய்த முதல் பெரிய சொதப்பல், கீபோர்டில் டிரான்ஸ்போஸை, அதாவது ஒரே பொத்தானில் ஸ்கேலை ஏற்றி இறக்கும் வசதியை, அணைக்க மறந்தது. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, வேறொரு கல்லூரியின் கல்ச்சுரல்ஸில். முதல் பாட்டுக்குப் பாடகியின் குரலுக்காக இரண்டு படி ஏற்றி வைத்திருந்தேன். நன்றாகவே போனது, கைத்தட்டலும் கிடைத்தது. அடுத்த பாட்டை ஆரம்பித்தால் பேஸ் கிட்டார் ஓர் ஊரில் இருக்கிறது, நான் வேறு ஊரில் இருக்கிறேன். நாலு பார் (தாளச் சுற்று) போகும்வரை தப்பு யாருடையது என்றே எனக்கு உறைக்கவில்லை. இன்னும் வெட்கமாக இருப்பது என்னவென்றால், அந்த நாலு பாரும் நான் கிட்டார்காரனைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் ஜூனியர்கள் கூப்பிட்டால் ரிகர்சலுக்குப் போய் ஓரமாக உட்காருவேன். லைட் மியூசிக் குழுவோ வெஸ்டர்ன் பேண்டோ, வாசிக்கத் தெரியாமல் கெட்டுப்போன குழுவை நான் அதிகம் பார்த்ததில்லை. பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று காது கொடுக்காமல் கெட்டதுதான் ஏராளம். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வியாதியின் வெவ்வேறு அறிகுறிகள். மீதி, பேட்டரி வாங்க மறந்த கதை.

ஆடிஷன்

முதலாம் ஆண்டு மாணவர்கள் ஆடிஷனுக்குத் தங்களுக்குத் தெரிந்ததிலேயே கஷ்டமான உருப்படியைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கிட்டார் என்றால் விரல் பறக்கும் லீட், குரல் என்றால் உச்சியில் போய் நிற்கும் சரணம். கேட்கும் சீனியர்கள் தேடுவது வேறு. "இதையே கொஞ்சம் மெதுவா வாசி" என்பார்கள். "ஒரு படி இறக்கிப் பாடு" என்பார்கள். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வேகத்தைக் குறைத்தால் தாளம் ஆடுகிறது, ஸ்கேலை மாற்றினால் கார்டு (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) தெரியவில்லை. ஒரே ரிதமை இரண்டு நிமிடம் ஏறாமல் இறங்காமல் வாசிக்கிறவருக்கு எந்தக் குழுவிலும் இடம் உண்டு. அதைப் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள்.

பாடகர்கள் செய்வது இன்னொன்று: தன் ஸ்ருதி தெரியாமல் வருவது, அல்லது தெரிந்தும் மற்றவர்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரியாமல் நிற்பது. கர்நாடக சங்கீதம் கற்ற பெண் "அஞ்சரைக் கட்டை" என்பார், கிட்டார்காரர் விழிப்பார். கணக்கு எளிதுதான். ஒரு கட்டை என்றால் சி. ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று இ. மூன்றரை கிடையாது. ஆர்மோனியத்தில் அந்த இடத்தில் கறுப்புக் கட்டை இல்லை, அவ்வளவுதான். நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. இதை எழுதிப் பிராக்டிஸ் ரூம் சுவரில் ஒட்டிவிட்டால் வருடத்துக்குப் பத்து சண்டை குறையும்.

அப்புறம் இந்த "ஒரிஜினல் ஸ்கேல்" வீம்பு. பின்னணிப் பாடகர் ஸ்டுடியோவில் பாடிய ஸ்கேலில் பாடித்தான் தீருவேன் என்று நின்றால் மேடையில் குரல் கிழியும். அதற்காக, கச்சேரிக்கு ஐந்தரை என்பதால் சினிமாப் பாட்டுக்கும் ஐந்தரை என்று வைப்பதும் சரிவராது. மெட்டு எதுவரை ஏறுகிறது, எதுவரை இறங்குகிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. பல்லவியைப் பாடிப் பார்த்து ஸ்கேலை முடிவு செய்கிற தவறைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். பல்லவி சௌகரியமாகத்தான் இருக்கும். சரணத்தின் மூன்றாம் வரியில் மெட்டு மேலே பாயும்போதுதான் தெரியும். எனவே உச்ச வரியை முதலில் பாடுங்கள், அடுத்து ஆகக் கீழே இறங்கும் வரியை. இரண்டும் சத்தம் போடாமல் வந்தால் அதுதான் உங்கள் ஸ்கேல்.

முடிவு செய்ததைப் போட்டிக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள். கீபோர்டுக்கு ஒரு பொத்தான், கிட்டாருக்கு ஒரு கேப்போ (கழுத்தில் மாட்டி ஸ்கேலை ஏற்றும் கிளிப்) போதும். புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டும். வலது தபலாவை ஓரளவுதான் ஏற்றி இறக்க முடியும், ஐந்து கட்டையிலிருந்து ஒன்றுக்குப் போனால் வேறு தபலாவே வேண்டும். முந்தின நாள் இரவு பதினொரு மணிக்கு வேறு ஊரில் தபலா தேடி அலைந்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

பிராக்டிஸ் ரூம்

எல்லோரும் எல்லா நேரமும் வாசிப்பதுதான் இங்கே தலையாய குற்றம். கீபோர்டு இடது கையில் அடி ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த வட்டாரத்தில் இரண்டு பேர் குடியேறினால் கேட்பவருக்கு இரண்டு வாத்தியமும் கேட்காது, ஒரு உறுமல் மட்டும் கேட்கும். கீபோர்டு வாசிப்பவரின் இடது கையை மடியில் வைக்கச் சொல்லி ஒரு முறை வாசித்துப் பாருங்கள். பாட்டு திடீரென்று வெளுத்த வேட்டி மாதிரி பளிச்சென்று ஆகும். இரண்டு கிட்டார் இருந்தால் இருவரும் ஒரே இடத்தில் ஒரே கார்டைப் பிடிப்பது வீண். ஒருவர் கேப்போ போட்டு மேலே போகலாம், அல்லது பல்லவியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். சும்மா நிற்பதற்கு நம் ஊர் பையன்களுக்குக் கூச்சம். "நான் எதுக்குடா இருக்கேன்?" என்று கேட்பார்கள். சரணத்துக்கு வருவதற்கு இருக்கிறாய் என்று சொல்லுங்கள்.

டிரம் செட்டும் ரிதம் பேடும் (தட்டினால் பல தாள வாத்தியங்களின் ஒலி தரும் மின்னணுக் கருவி) சேர்ந்து இருக்கும் குழுவில் இந்தச் சண்டை இன்னும் மோசம். பேடில் தபலாவும் டோலக்கும் இருக்கும்போது டிரம்மர் ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டில் ஒரு பாருக்குப் பதினாறு அடியையும் நிரப்பினால் எதுவும் தேறாது. யார் எந்தப் பகுதிக்கு என்பதைப் பாட்டுவாரியாக எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சத்தப் போட்டி எல்லா அறையிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. கிட்டார்காரருக்குத் தன் வாசிப்பு கேட்கவில்லை, ஆம்பைத் திருப்புகிறார். டிரம்மர் ஓங்கி அடிக்கிறார். பாடகி கத்துகிறார். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு தொண்டை கட்டுகிறது, மிளகுக் கஷாயம் தேடுகிறார்கள். ஏற்றுவதற்குப் பதில் இறக்கிப் பழகுங்கள்: பாடகரின் குரல் எங்கே தெளிவாகக் கேட்கிறதோ, அதற்குக் கீழே மற்ற எல்லாம். இது காதுக்கும் நல்லது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு, 85 டெசிபலில் 8 மணி நேரம். 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது வெறும் 15 நிமிடம். சின்ன அறையில் டிரம் செட் பக்கத்தில் நிற்பவர் அந்த அளவைச் சுலபமாகத் தொட்டுவிடுவார். காதில் ஃபோம் பஞ்சு வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பாட்டை எப்போதும் முதலிலிருந்தே ஆரம்பிப்பதும் ஒரு கெட்ட பழக்கம். ஆரம்ப இசையை நூறு தடவை வாசித்திருப்பார்கள், முடிவை ஏழெட்டுத் தடவைதான். அதனால்தான் பல குழுக்களின் பாட்டுகள் ஓடி வந்து, தடுமாறி, ஒவ்வொருவராக நிற்கின்றன. முடிவையும், ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தையும் மட்டும் தனியாக அரை மணி நேரம் வாசியுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும்.

வேகத்தை எண்ணாக எழுதி வையுங்கள். அறையில் நிமிடத்துக்கு 96 தட்டு என்று இருந்த பாட்டு மேடையில் 108-க்கு ஏறிவிடும், வாசிப்பவர் யாருக்கும் அது தெரியாது. டிரம்மர் பக்கத்தில் போனில் மெட்ரோனோமின் (வேகம் காட்டும் செயலி) வெளிச்சம் மட்டும் நாலு எண்ணிக்கைக்கு மின்னட்டும், அதைப் பார்த்து எண்ணிக்கை கொடுக்கட்டும்.

காலண்டரைப் பார்க்காமல் பாட்டு முடிவு செய்வதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐஐடி மெட்ராஸின் கல்ச்சுரல்ஸான சாரங் வழக்கமாக ஜனவரியில் வருகிறது. நடுவில் நவம்பர், டிசம்பர் செமஸ்டர் தேர்வு மலை மாதிரி நிற்கும். அக்டோபருக்குள் பாட்டும் ஸ்கேலும் முடிவாகாவிட்டால் தேர்வு முடிந்து கிடைக்கும் சில நாட்களில் எல்லாவற்றையும் புதிதாகப் பிடிக்க வேண்டியிருக்கும். வகுப்புக்கு வராத நாளுக்கு வருகை தரச் சொல்லும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதமும் அப்படித்தான். போய்விட்டு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினால் 75 சதவீத வருகைக் கணக்கில் வந்து இடிக்கும். துறைத் தலைவர் சங்கீத ரசிகராக இருப்பார் என்று நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

போட்டி நாள்

விதிமுறைத் தாளை ஒருவர் மட்டும் படித்துவிட்டு மற்றவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்வது ஆபத்து. பல போட்டிகளில் மேடையில் செட் செய்யும் நேரமும் சேர்த்துத்தான் நிமிடக் கணக்கு. முன்பே பதிவு செய்த டிராக் கூடாது என்றும் இருக்கும். அது தெரியாமல் கீபோர்டில் தானாக ஓடும் ஸ்டைலை (தாளமும் பின்னணியும் சேர்ந்த பதிவு) நம்பி மூன்று பாட்டையும் அமைத்துக்கொண்டு வந்த குழுவைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருந்தது.

பொருட்களில் காலை வாருவது சின்னச் சாமான்கள்தான். ஸ்பீக்கருக்கு ஒலி அனுப்பும் பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் கிட்டாருக்குள் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் செருகியே வைத்திருந்தால் வாசிக்காவிட்டாலும் அது தீர்ந்துகொண்டிருக்கும், காரணம் கேபிள் நுழைந்ததுமே உள்ளே சர்க்யூட் உயிர் பெற்றுவிடுகிறது. அடாப்டரை, முனை பொருந்துகிறதே என்று கண்டபடி செருகாதீர்கள். பேடின் அடாப்டரும் கீபோர்டின் அடாப்டரும் வோல்டேஜிலும், முனையில் பிளஸ் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதிலும் வேறுபடலாம். தவறாகச் செருகினால் கருவி போகலாம். ஸ்பீக்கர் கேபிளும் கிட்டார் கேபிளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றிச் செருகிவிட்டு "அண்ணா, ஒரே இரைச்சலா இருக்கு" என்று சவுண்ட் அண்ணனிடம் முறையிட்டுப் பிரயோஜனம் இல்லை.

சவுண்ட் செக்கில் ஒருவருடைய முறையில் இன்னொருவர் வாசிக்கவே கூடாது. அந்தக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் டிரம்மரின் கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் காதில், லீட் கிட்டார் சோலோ விழுந்தால் அவருக்கு எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சல் நம் மிக்ஸில் இறங்கும். பாடகர் செக்கில் முணுமுணுத்துவிட்டு மேடையில் முழங்கினாலும் அதே கதி. மேடையில் நம் பக்கம் திருப்பி வைத்த ஸ்பீக்கரான மானிட்டரில் "எல்லாம் வேணும்" என்று கேட்காதீர்கள். பாடகருக்குத் தன் குரலும் கீபோர்டும் போதும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க ஸ்டைலாக இருக்கலாம், ஆனால் மைக் நாலாபக்கத்துச் சத்தத்தையும் இழுக்கத் தொடங்கி, ஹவுலிங் குய்ங் என்று கிளம்பும். மைக்கைத் தொங்கவிட்டு மானிட்டர் பக்கம் காட்டினாலும் அப்படியே.

டியூனிங் வெயிலில் ஒன்று, ஏசி ஹாலில் ஒன்று. வெளியே மரத்தடியில் டியூன் செய்துவிட்டு நேராக உள்ளே போனால் கம்பி நகர்ந்திருக்கும். குளிரில் புல்லாங்குழலின் ஸ்ருதி இறங்கும். வாசிப்பவர் மேடை ஏறும்வரை குழலுக்குள் மெதுவாக ஊதிச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும். எனவே இசைக்கருவிகளோடு அரை மணி முன்னதாகவே ஹாலுக்குள் போய்விடுங்கள்.

மேடையில் தப்பு வரும், வந்தே தீரும். பாடகர் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினால், சரியான இடத்தில் இருக்கும் ஐந்து பேரும் தவறான இடத்தில் இருக்கும் ஒருவர் பின்னால் போக வேண்டும். நியாயம் இல்லைதான். ஆனால் கூட்டம் கேட்பது பாட்டை. டிரம்மர் எது நடந்தாலும் நிறுத்தக் கூடாது. தப்பு செய்தவரைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது, நடுவர்கள் கவனிக்காத தப்பை அந்தப் பார்வைதான் காட்டிக்கொடுக்கும். என் விஷயத்தில் நான் முறைத்ததில் கிட்டார்காரன் பயந்துபோய் அவன் ஸ்கேலை மாற்றப் பார்த்தான், அதே நேரம் நான் டிரான்ஸ்போஸை அணைத்தேன். மறுபடியும் இரண்டு ஊர்.

பாட்டு வரிசையை ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் காலடியில் ஒட்டுங்கள்: பாட்டு, ஸ்கேல், வேகம், யார் தொடங்குவது. கீபோர்டு வாசிப்பவர் தாளில் டிரான்ஸ்போஸ் எண்ணுக்குத் தனிக் கட்டம். வரிகளைப் போனில் வைத்துப் பாடுபவர்கள் குறைந்தபட்சம் திரை அணையாதபடி மாற்றிவிட்டு ஏறுங்கள், சரணத்துக்கு நடுவே பேட்டர்ன் போட்டுத் திறப்பதைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்.

இறங்கும்போது எல்லோரும் வாசித்த சூட்டில் பேசிக்கொண்டே போய்விடுவார்கள். அடுத்த குழு ஏறி நிற்கும். நம் அடாப்டர், நம் கேப்போ, வாடகைக்கு எடுத்த ஸ்டாண்டின் ஒரு கால், எல்லாம் மேடையிலேயே கிடக்கும். கடைசியாக இறங்குவது யார் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.