காய்ச்சல் அடித்தால் எங்கே காட்டுவது?

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு வீட்டில் காய்ச்சல். ஒருவர் படுத்ததுமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். முக்கு கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாமா, ஆரம்ப சுகாதார நிலையமா, ஜி.ஹெச்.சா, இல்லை நேராகப் பெரிய தனியார் ஆஸ்பத்திரியா? அவர் கைராசிக்காரர், இவர் காசு பிடுங்குவார் என்று அரை மணி நேரம் ஓடும். அதை விட்டுவிட்டு, படுத்திருப்பவரின் உடம்புக்கு அடுத்த சில மணி நேரத்தில் என்ன தேவைப்படும் என்று மட்டும் பாருங்கள், எங்கே போவது என்பது பாதி முடிவாகிவிடும்.

யோசிக்கவே கூடாதவை சில உண்டு. நெஞ்சு அழுத்தி வியர்த்துக் கொட்டினால், மூச்சுத் திணறினால், வலிப்பு நிற்காவிட்டால், பாம்பு கடித்தால் உடனே 108. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறி, கை விழுந்துவிட்டால் பக்கவாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஸ்கேன் இல்லாத நர்சிங் ஹோமில் இறக்கி, அங்கிருந்து வேறு இடத்துக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினால் நேரம்தான் போகும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே போனதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சரி, காய்ச்சலுக்கு வருவோம். முதல் நாள், குழந்தையோ முதியவரோ இல்லை, தண்ணீர் குடிக்கிறார், சிறுநீர் ஒழுங்காகப் போகிறது என்றால் பக்கத்தில் இருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டரோ ஆரம்ப சுகாதார நிலையமோ போதும். ஜி.ஹெச். ஓ.பி. பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடும், ஆனால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலையிலும் பார்க்கிறார்கள், இது பலருக்குத் தெரியவில்லை. டாக்டரைப் பார்ப்பதா வேண்டாமா என்ற குழப்பம் இருந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அடித்துக் கேட்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர், வயதானவர் என்றால் நாளை பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள்.

போன இடம் சரியான இடமா என்பதை டாக்டர் பார்க்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். என்றைக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது என்று கேட்கிறாரா, வயிற்றை அமுக்கிப் பார்க்கிறாரா, பிரஷர் எடுக்கிறாரா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிக்கிறாரா? சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம். சீட்டே எழுதாமல், அட்டையிலிருந்து பிதுக்கிய மாத்திரைகளை வெள்ளை ஒன்று, மஞ்சள் அரை என்று காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கையில் கொடுக்கும் இடத்துக்குத் தயவுசெய்து மறுபடி போகாதீர்கள். நாளைக்கு நிலைமை மோசமாகி ஜி.ஹெச்.சுக்கு ஓடினால் உள்ளே என்ன போயிருக்கிறது என்று அங்கே இருக்கும் டாக்டருக்குச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட உங்களிடம் இருக்காது.

ஊசி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும். டெங்குவாக இருந்து, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) இறங்கியிருந்தால் சதையில் போடும் ஊசியே ரத்தக்கட்டை உண்டாக்கலாம். டைக்ளோஃபெனாக், ப்ரூஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில்.

டெங்குவில் பலர் ஏமாந்துபோவது காய்ச்சல் விடுகிற நாளில்தான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ உடம்பு குளிர்ந்துவிடும், அப்பாடா என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள், ஆனால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் இறங்குவது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய ஒன்றிரண்டு நாட்களில்தான் நடக்கும். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது, எழுந்திருக்கவே முடியாத அசதி, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று வந்தாலும் கிளினிக்கைத் தாண்டிப் படுக்கை வசதி உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். சேர்க்கும் முன் கட்டிடத்தைப் பார்க்காதீர்கள், கேள்வி கேளுங்கள்: ராத்திரி டூட்டி டாக்டர் உள்ளேயே இருப்பாரா, ராத்திரியும் ரத்தம் எடுத்து ரிசல்ட் தருவார்களா, நிலைமை கைமீறினால் எங்கே அனுப்புவார்கள்? இதற்கு நேரான பதில் கிடைக்கும் சாதாரண ஜி.ஹெச்., பதில் மழுப்பும் பளபளப்பான ஆஸ்பத்திரியைவிட எவ்வளவோ மேல். தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறவும் வேண்டாம். அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது, தட்டணு இறங்கும்போதே அது ஏறிக்கொண்டு போனால் நீர் கசிகிறது என்று பொருள். டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் டெங்குவும் இல்லை. ஐந்து நாளாகியும் காரணம் பிடிபடவில்லை என்றால் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்புப் பட்டி படும் இடம் எல்லாம் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு, வலியே இல்லாமல் இருந்தால், புதரில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலாக (ஸ்க்ரப் டைஃபஸ்) இருக்கலாம். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே அடங்கும், விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். தேங்கிய தண்ணீரில் நடந்திருந்து, கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலா என்றும் கேட்க வேண்டும். வயலுக்கோ புதர்ப்பக்கமோ போனதை, வெள்ளத்தில் நடந்ததை நீங்களாகவே சொல்லிவிடுங்கள், கூட்ட நேரத்தில் டாக்டருக்குக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

பணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஓ.பி. செலவுக்கு உதவாது, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் மட்டும்தான் செல்லும். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அந்த மருந்தகத்தையும் மறக்காதீர்கள்.

கிளம்பும்போது பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், ரத்த ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கவரில் போட்டு, காய்ச்சல் ஆரம்பித்த தேதியையும் நேரத்தையும் மேலே பெரிதாக எழுதுங்கள். டெங்குவுக்கு முதல் ஐந்து நாளில் எடுப்பது வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை, அதற்குப் பிறகு வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை. ‘ஒரு ரெண்டு மூணு நாளா இருக்கு’ என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் எதை எழுதுவது என்று டாக்டருக்கும் தெரியாது.