பேரழிவில் பாடம் படிக்கும்போது நாம் விடும் பிழைகள்

மார்கழி (டிசம்பர்) 26 வந்தால், ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களுக்காக யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையெங்கும் சுடர் ஏற்றுகிறோம். அழுது முடித்து வீடு திரும்புகிறோம். 2004இல் சுமாத்திராவுக்கு அருகே கடலடி நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கழித்துத்தான் அலை இலங்கையைத் தொட்டது என்பதை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? அந்த நேரத்துக்குள் மணற்காட்டுக்கோ மருதங்கேணிக்கோ செய்தி கொண்டுபோக வழி இருக்கவில்லை. மறு ஆண்டே சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. அனர்த்தத்தின்போது அழைக்க 117 என்ற எண்ணும் இருக்கிறது.

ஆனால் 2012 சித்திரையில் எச்சரிக்கை விடுத்தபோது மேட்டுக்கு ஓடியவர்கள், பெரிய அலை வராததும் "சும்மா அலைக்கழித்துவிட்டார்கள்" என்று சலித்துக்கொண்டார்கள். அன்றைய நடுக்கம் 8.6. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் பெரிதாக எழவில்லை, நம் நல்லகாலம். எச்சரித்ததில் ஒரு பிழையும் இல்லை.

நான் அதிகம் கண்ட பிழை கிணற்றடியில் நடப்பது. கடல்நீர் புகுந்ததும் மோட்டரைப் பூட்டி அடி தெரியும்வரை இறைப்பார்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மண் நம்முடையது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், காலப்போக்கில் அடியிலிருக்கும் உவர் 40 அடி வரை மேலேறிவிடும் என்பது நிலத்தடி நீரின் பழைய கணக்கு. ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் திரும்பத் திரும்ப இறைத்தும் உவர் போகவில்லை, கழுவியது மழைதான். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். இறைத்த நீரைக் கிணற்றடியிலேயே ஊற்றினால் அது கல்லிடுக்கு வழியே திரும்பிவிடும், தூரத்தில் விடுங்கள். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது.

மனிதர் செய்யும் அழிவைப் பேரழிவுக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இன்னொரு பிழை. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததும் பேரழிவுதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் திரும்பவே இல்லை.

பிரதி என்றதும் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். 1995 போர்க்கால இடப்பெயர்வில் அம்மா நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது காணி உறுதிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். ஷெல்லுக்குத் தப்பிய அதே பை 2008 நிஷா புயல் வெள்ளத்தில் கட்டிலுக்குக் கீழேயே ஊறியது. தூக்கிக்கொண்டு ஓடப் பழகியிருந்தோம், உயரத்தில் வைக்கப் பழகவில்லை. தாள்களைக் கொடியில் உலர்த்தியபோது முத்திரை இருந்த இடத்தில் ஊதாக் கறைதான் மிஞ்சியிருந்தது. இப்போது பிரதி ஒன்று கொழும்பில் தம்பியிடம் இருக்கிறது.

மூலம் இன்னும் கட்டிலுக்குக் கீழேதான். அம்மா கேட்பதாக இல்லை.